பிரிஞ்சி இலை விஷமா? அத்தையின் தொண்டையில் சிக்கிய ஒரு துண்டைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

என் அத்தைக்கு வயது 67. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் வைத்திருக்கிறார். மேல்வரிசை முழுக்கப் பல்செட். விழுங்குவதில் இதற்கு முன் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மதுரைப் பக்கம் உறவினர் வீட்டுக் காதுகுத்து விருந்தில் மட்டன் பிரியாணி சாப்பிட்டபோது பிரிஞ்சி இலைத் துண்டு ஒன்று அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மறுநாள் இரவு மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது.

அத்தை இப்போது நன்றாக இருக்கிறார். எழுதச் சொன்னதும் அவர்தான். "பேரு மட்டும் போடாம எழுது, நாலு பேருக்கு உதவும்" என்றார்.

விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அன்றிலிருந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: பிரிஞ்சி இலை விஷமா? அதற்குப் பதில் சுலபம். விஷம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பந்தியில் எல்லோரும் அந்தப் பயத்திலேயே இருந்ததால், இலை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் கையை விட்டுப் போனது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் விஷக் கதைக்கு வருகிறேன்.

பந்தியில் நடந்தது

மதியம் இரண்டு மணி இருக்கும். இலை போட்டுப் பரிமாறும் பந்தி நிரம்பி வழிந்ததால், மண்டபத்தின் பின்பக்கம் பஃபே மாதிரி தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை நின்றபடி, ஒரு கையில் தட்டு, மறு கையில் ஸ்பூன், பக்கத்தில் சம்பந்தி வீட்டு அம்மாவோடு பேச்சு. நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பார். திடீரென்று நின்றார், தொண்டையைப் பிடித்தார், இருமினார். முகம் சிவந்தது. ஆனால் பேச்சு வந்தது. "என்னமோ குத்துது" என்றார். மூச்சு விடுவதில் சிரமம் இல்லை. இந்த இரண்டும் முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் குடித்தார். போகவில்லை. அவருடைய தட்டில் பார்த்தபோது இலையின் ஒரு பாதி மட்டும் கிடந்தது. "பிரிஞ்சி எலைய முழுங்கிட்டாங்க" என்று யாரோ சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அது விஷ இலை, ரத்தத்தில் ஏறிவிடும் என்றார். இன்னொருவர் மோர் கொண்டுவரச் சொன்னார். வீட்டுப் பெரியவர் ஒருவர், மீன் முள்ளுக்குச் செய்வதுபோல வெறும் சோற்றை உருண்டை பிடித்து, மெல்லாமல் விழுங்கச் சொன்னார். அத்தையும் விழுங்கினார். பிறகு வாழைப்பழம். ஒவ்வொரு முறையும் குத்தல் கொஞ்சம் கீழே போனதுபோல இருந்தது என்று பின்னால் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் "இறங்கிடுச்சு, இறங்கிடுச்சு" என்று ஆறுதல் சொல்லிக் கலைந்தார்கள்.

அன்று இரவு ரசம் சாதம்கூட இறங்கவில்லை. எச்சில் விழுங்கினாலும் வலி. விடிகாலையில் துப்பிய எச்சிலில் லேசாக ரத்தம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை

காலையில் ஊரிலேயே ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. இலை கீறிவிட்டுப் போயிருக்கும், புண் ஆறும்வரை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வலி மாத்திரையும் அமிலத்துக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த விளக்கம் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. முள்ளோ இலையோ தொண்டையைக் கீறிவிட்டு இறங்கிப் போன பின்பும், ஏதோ இன்னும் அங்கேயே இருப்பதுபோன்ற உணர்வு சில மணி நேரம் இருக்கும். பலருக்கும் அடுத்த நாள் அது மறைந்துவிடும். ஆனால் அத்தையிடம் இரண்டு விஷயம் வேறுமாதிரி இருந்தது. வலி நேரம் ஆக ஆகக் கூடியது. எங்கே வலிக்கிறது என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் விரலை ஒரே இடத்தில், கழுத்தின் வலது பக்கம், குரல்வளை மேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தொண்டையின் மேல்பகுதியில் நிற்கும் பொருளை ஆட்கள் பெரும்பாலும் சரியாகவே காட்டிவிடுவார்கள். உணவுக்குழாய்க்குள் கீழே போய்விட்டால்தான் இடம் சொல்ல முடியாது, நெஞ்சு முழுக்க அடைப்பதுபோல இருக்கும்.

சாயங்காலம் மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது எக்ஸ்ரேயை இல்லை, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை. இலை என்றதும், "எக்ஸ்ரேல இலை தெரியாதும்மா. காசு, ஆட்டு எலும்புன்னா தெரியும். மீன் முள்ளுலயே பாதி தெரியாது" என்றார். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். திரையில் நானும் பார்த்தேன். குரல்வளையின் இரு பக்கமும் உணவு இறங்குவதற்குப் பக்கத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. வலது பள்ளத்தில், எச்சில் தேங்கி நின்ற இடத்துக்கு அடியில், பழுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது.

உட்காரவைத்தே எடுத்துவிடலாமா என்று முயன்றார், இலையின் கீழ்முனை சதையில் பதிந்திருந்ததால் இழுக்கவில்லை. கிழித்துக்கொண்டு வந்தால் ஆபத்து என்று மயக்கம் கொடுத்து எடுக்க முடிவு செய்தார்கள். அதற்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. மதியம் கொஞ்சம் பாயசம் குடித்திருந்தார். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் ஏறிவிடக்கூடும். சர்க்கரை வேறு எகிறியிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல்தான் உள்ளே கொண்டுபோனார்கள். இலையை எடுத்த பிறகு உணவுக்குழாயையும் கேமரா விட்டுப் பார்த்து, ஓட்டை எதுவும் இல்லை என்று உறுதி செய்தார்கள். அடுத்த நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீர், இளநீர். காய்ச்சல் வருகிறதா, கழுத்து வீங்குகிறதா, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதெல்லாம் வந்தால் துளை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எதுவும் வரவில்லை, அதற்கடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எடுத்த துண்டை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்கள். இரண்டு விரற்கடை நீளம், ஒரு விரற்கடை அகலம். இலையின் நுனிப்பக்கம். ஒரு முனை இலைக்கே உரிய கூர்மையோடு இருந்தது. மறுமுனையில் இலை கோணலாகக் கிழிந்து, நடுநரம்பு மட்டும் குச்சிபோலக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சதையில் பதிந்திருந்தது அந்த நரம்புதான். முழு இலையாக இருந்திருந்தால் அது வாய்க்குள்ளேயே தெரிந்திருக்கும். இவ்வளவு சின்னத் துண்டு சோற்றோடு மறைந்து போய்விட்டது.

விஷக் கதை எங்கிருந்து வந்தது

நம் ஊர் மளிகைக் கடையில் பிரிஞ்சி இலை, பிரியாணி இலை, பட்டை இலை என்றெல்லாம் கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் வடக்கே தேஜ்பத்தா என்று சொல்லும் இலை. தாவரப் பெயர் சின்னமோமம் தமாலா. இலவங்கப்பட்டை மரத்தின் நெருங்கிய சொந்தம். இமயமலை அடிவாரத்திலும் மேகாலயா, அஸ்ஸாம் மலைகளிலும் வளர்கிறது. உத்தராகண்ட் தேஜ்பத்தாவுக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளமான இலை. அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் கிட்டத்தட்ட இணையாக ஓடும். கசக்கினால் பட்டை வாசமும் கிராம்பு வாசமும் கலந்து வரும். அத்தையின் தொண்டையிலிருந்து வந்த துண்டிலும் அந்த மூன்று நரம்புகள் தெளிவாகத் தெரிந்தன.

மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் வருவது இன்னொன்று: பே இலை அல்லது லாரல் இலை, தாவரப் பெயர் லாரஸ் நோபிலிஸ். மத்தியதரைக் கடல் பக்கத்து மரம். இலை குட்டை, நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள் பிரியும். வாசத்தில் யூகலிப்டஸ் சாயல் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதி பாக்கெட்டுகளில் கிடைக்கிறது. இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் 52 பொருள்கள் கொண்ட பட்டியலில் இந்த இரண்டு இலைகளும் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் லாரல் இலையைப் பாதுகாப்பான மசாலாக்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் பட்டை, ஏலக்காய், தேஜ்பத்தா மூன்றும் சேர்ந்தது திரிஜாதகம். நாட்டு மருந்துக் கடையில் இலவங்கப்பத்திரி என்று கேட்டாலும் இதே இலையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், சூரணத்தில் பொடித்துச் சேர்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிற பொருள் இது.

இலையில் இருக்கும் வாசனை எண்ணெய்களில் யூஜெனால் கிராம்பிலும் இருக்கிறது, சினியோல் யூகலிப்டஸில் இருக்கிறது. ஒரு சட்டிப் பிரியாணிக்குப் போடும் இரண்டு மூன்று இலைகளிலிருந்து இறங்குவது மிகக் கொஞ்சம். அதே எண்ணெயைப் பிழிந்து சீசாவில் அடைத்த தைலம் வேறு சமாச்சாரம். கிராம்புத் தைலத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் குழந்தைகள் குடித்து உயிருக்குப் போராடிய சம்பவங்கள் உண்டு. அதை இலையோடு போட்டுக் குழப்பக் கூடாது. லாரல் இலையைத் தொட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பு வருவதும் உண்டு, அது ஒவ்வாமை.

அப்படியானால் விஷம் என்ற பேச்சு ஏன்? மேல்நாட்டில் லாரல் என்ற பெயரில் வேறு செடிகளும் இருக்கின்றன, அவற்றில் சில நிஜமாகவே விஷம். செர்ரி லாரல் இலையைக் கசக்கினால் சயனைடு வெளிப்படும். மவுண்டன் லாரல் என்கிற கால்மியா இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கீழே இறக்கிவிடும். கலிஃபோர்னியாவில் வளரும் ஒரு பே மரத்தின் இலை நாற்றமே சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும், அதனால் அதற்குத் தலைவலி மரம் என்றே பெயர். இவை எதுவும் நம் கடை பாக்கெட்டில் வருவதில்லை.

நமக்குப் பக்கத்திலிருக்கிற ஆபத்து அரளி. நீண்டு, தடித்து, கூர் முனையோடு இருக்கும் அரளி இலை காய்ந்துவிட்டால், தெரியாதவர் கண்ணுக்கு மசாலா இலை மாதிரியே இருக்கும். அதன் விஷம் இதயத்தைத் தாக்குவது, சமைத்தாலும் போகாது. 2024 மே மாதம் கேரளத்தில் அரளி இலையை மென்ற ஓர் இளம்பெண் இறந்ததாகச் செய்தி வந்ததையடுத்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்தில் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. தோட்டத்திலோ சாலையோரத்திலோ பறித்த இலையை "இதுவும் பிரிஞ்சிதான்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பிரிஞ்சி என்று பறித்துக் கொடுத்த இலையில் மூன்று நரம்பும் பட்டை வாசமும் இல்லையென்றால் அது சட்டிக்குள் போக வேண்டாம். அரளியில் நடுநரம்பு ஒன்றுதான் தடித்துத் தெரியும், மசாலா வாசமே இருக்காது.

எவ்வளவு வேகவைத்தாலும் அப்படியே

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பிரிஞ்சி இலையையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் ஒரே குக்கரில் போட்டு, விசில் அடங்கிய பின் திறந்து, மறுபடி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். கறிவேப்பிலை விரலில் தொட்டாலே குழைந்தது. பிரிஞ்சி இலை நிறம் மாறியிருந்தது, கொஞ்சம் வளைந்தது, விட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டைபோலத் திரும்ப நிமிர்ந்தது. நடுநரம்பை நகத்தால் அழுத்தினேன், நசுங்கவில்லை. குறுக்கே கிழித்தபோது இலை ஒரு பக்கமாகப் போக, நரம்பு மட்டும் முனை நீட்டி நின்றது. கிண்ணத்தில் பார்த்த அதே வடிவம்.

இந்த வகை மரங்களின் இலை நீரை விடாமல் காப்பதற்காகவே தடிமனாக, மேலே மெழுகுப் பூச்சோடு, உள்ளே மரக்கட்டைத் தன்மையுள்ள நார்களோடு வளர்கிறது. கீரை வேகும் சூட்டில் அந்த நார் இளகாது. நம் வயிற்றில் செல்லுலோஸ் என்கிற தாவர நாரைச் செரிக்கும் நொதியும் கிடையாது. உள்ளே போன துண்டு உள்ளபடியேதான் வெளியே வர வேண்டும்.

பெரும்பாலும் வந்துவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். விழுங்கிய அந்நியப் பொருள்கள் வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் நூற்றில் 80 முதல் 90 வரை தானாகவே போய்விடும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கத்தி வைக்க வேண்டிய நிலை நூற்றில் ஒன்றுக்கும் கீழ். பிரிஞ்சி இலைத் துண்டை விழுங்கிவிட்டு ஒன்றும் ஆகாமல் போனவர்கள் நம் குடும்பங்களிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் ஆகாத கதையை வைத்துக்கொண்டு ஆகவே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. லாரல் இலை உணவுக்குழாயிலும் தொண்டையிலும் சிக்கியதை அமெரிக்க மருத்துவர்கள் 1990இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். 1997இல் கனடாவின் அறுவை சிகிச்சை இதழில் வந்த ஒரு பதிவில், இலை சிறுகுடல்வரை இறங்கி, அங்கே இருந்த மெக்கல் பையைத் துளைத்திருக்கிறது. நூற்றில் இரண்டு பேருக்கு இந்தப் பை பிறவியிலேயே உண்டு. பலருக்கும் அது இருப்பதே தெரியாது.

ஆகவே சாப்பிடலாமா என்றால் என் பதில்: இலையின் சாரம் தாராளமாக உள்ளே போகலாம், இலை போகக் கூடாது. மாவாகப் பொடித்துச் சலித்த தூள் பிரச்சினை இல்லை. நெய்யிலோ எண்ணெயிலோ தாளிக்கும்போதே வாசம் கொழுப்பில் இறங்கிவிடுகிறது. தம் முடியும்போது இலையில் மிச்சம் இருப்பது நார்தான். தட்டில் அது இருப்பதால் சாப்பிடுபவருக்கு ஒரு லாபமும் கிடையாது.

எந்த இடத்தில் நழுவியது

விருந்துக்குச் சமைத்த மாஸ்டரை அப்புறம் போய்ப் பார்த்தேன். பழி போடப் போகவில்லை, அதை அவரும் புரிந்துகொண்டார். பதறிப்போய் அத்தையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். பிறகு சமையல் நடந்த விதத்தைச் சொன்னார். பெரிய அண்டா, 50 கிலோ அரிசி. எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி, அன்னாசிப்பூவோடு இலையையும் அள்ளிப் போடுவது உதவிக்கு வந்த பையன். அன்று அவன் கைக்குக் கிடைத்தது மூட்டையின் அடிப்பகுதி.

"முழு எலையா கெடந்தா தம் ஒடைக்கும்போது கண்ணுல படும், கரண்டியாலயே ஒதுக்கிடுவோம் தம்பி. மூட்டை அடியில எல்லாம் நொறுங்கிக் கெடக்கும். அத அண்டாவுக்குள்ள எங்க போய்த் தேடறது?" என்றார்.

எனக்கு இதுதான் இந்த நிகழ்விலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. நாம் முழு இலையைப் பார்த்துப் பயப்படுகிறோம். முழு இலை நம்மை ஏமாற்றுவதில்லை, அது அவ்வளவு பெரிதாக இருப்பதே எடுத்துப் போட வசதியாகத்தான். நொறுங்கிய இலைக்கு அந்த வசதி போய்விடுகிறது, முனைகள் மட்டும் பெருகுகின்றன. வீட்டிலும் இதேதான் நடக்கிறது: வாசம் நன்றாக இறங்கட்டும் என்று இலையை இரண்டாக, நான்காகக் கிள்ளிப் போடுகிறோம். அதனால் கிடைக்கும் கூடுதல் வாசம் கொஞ்சம்தான், அதற்காக ஒவ்வொரு கிள்ளலிலும் ஒரு கூர்முனையை உண்டாக்குகிறோம்.

அண்டாவைத் தாண்டி வந்த துண்டு அத்தையின் தட்டிலும் தப்பித்தது. கையால் பிசைந்து சாப்பிடும்போது விரல் முதலில் கண்டுபிடித்துவிடும். அன்று ஸ்பூன். அடுத்தது மேலண்ணம். சோற்றுக்குள் ஒரு கல் இருந்தாலும் நாக்கும் மேலண்ணமும் சேர்ந்து சொல்லிவிடும். மேல் பல்செட் போட்டவர்களுக்கு அண்ணத்தைப் பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கிறது. மீன் முள் சிக்கி வரும் வயதானவர்களில் பல்செட் போட்டவர்கள் அதிகம் என்பது தொண்டை மருத்துவர்களுக்குப் பழக்கமான சங்கதி. மூன்றாவது, பேசிக்கொண்டே, நின்றுகொண்டே சாப்பிட்டது. இதில் எதுவும் அத்தையின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பார்த்துச் சாப்பிட்டிருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. சாப்பிட முடியாத ஒரு பொருளைச் சோற்றில் விட்டுவிட்டு, அதைத் தேடி எடுக்கும் வேலையைச் சாப்பிட உட்கார்ந்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சமைத்தவர்தான் எடுக்க வேண்டும், அவரால் முடியாமல் போனால் பரிமாறுகிறவர்.

சிக்கிவிட்டால்

அன்று அத்தைக்குப் பேச்சும் மூச்சும் இருந்ததை முக்கியம் என்று சொன்னேன். பேச்சு வரவில்லை, இருமல் சத்தமில்லாமல் போகிறது, முகம் நீலமாகிறது என்றால் பொருள் மூச்சுக்குழாயை அடைத்திருக்கிறது. அப்போது ஒரு நிமிடம்கூடக் காக்கக் கூடாது. முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 தடவை பலமாகத் தட்ட வேண்டும். வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து 5 தடவை உள்ளே மேலே அழுத்தி இழுக்க வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே 108க்கு ஆளை அழைக்கச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான்.

பேச முடிகிறது, ஆனால் குத்துகிறது என்றால் அவசரம் வேறு வகை. வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பிவிட்டு, சாப்பிடுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். சோற்று உருண்டை, வாழைப்பழம், ரொட்டி எதுவும் வேண்டாம். தளர்வாக நின்ற பொருளை அது சில நேரம் இறக்கிவிடலாம், பதிந்து நிற்பதை இன்னும் ஆழமாக அழுத்தும். அத்தைக்கு நடந்தது அதுதான் என்று இஎன்டி டாக்டர் நினைக்கிறார். விரலை விட்டுத் துழாவுவதும் கூடாது. சாப்பிடாமல் போனால் இன்னொரு நன்மை, மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் காத்திருப்பு குறையும்.

மருத்துவமனையில் முதல் வாக்கியத்திலேயே "இலை" என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத பொருள் என்று தெரிந்தால்தான் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். மீதித் துண்டு தட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோகலாம். கூர்மையான பொருள் உணவுக்குழாயில் நின்றால் முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால் அதற்கும் அதே கணக்கு. கூர்மையில்லாத பொருளாக இருந்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. அத்தை விஷயத்தில் அதுவே தாண்டியிருந்தது. துளை விழாமல் தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் டாக்டரும் சொன்னார். காய்ச்சல், நெஞ்சுவலி, முதுகுவலி, கழுத்து வீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

அடுப்படியில்

எங்கள் வீட்டில் இப்போது இலையைக் கிள்ளுவதில்லை. முழு இலை, காம்போடு, எண்ணிப் போடுகிறோம். இறக்கும்போது அதே எண்ணிக்கையில் எடுத்துவிட்டுத்தான் சட்டி சாப்பாட்டு மேசைக்கு வரும். குருமா, வெள்ளைக் குஸ்கா, பிரிஞ்சி சாதம் எல்லாவற்றுக்கும் இதே வழக்கம். குழந்தைகளுக்கும் அத்தைக்கும் வைக்கும் சோற்றை மட்டும் இன்னொரு முறை கையால் உதிர்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம்.

கூட்டத்துக்குச் சமைக்கும்போது எண்ணுவது நடக்காது. அதற்குத் துணிக் கிழிதான் வழி: இலை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, யக்னித் தண்ணீரில் (பிரியாணிக்கான மசாலாச் சாற்றில்) போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிடுவது. எண்ணெயில் வதங்கும் வாசம் இதில் கொஞ்சம் குறையும் என்று மாஸ்டர் சொன்னார், அது உண்மைதான். அவர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். மூட்டையைப் பிரித்ததும் இலையைப் பெரிய கண் சல்லடையில் போட்டு ஆட்டுகிறார்கள். மேலே நிற்கும் முழு இலை மட்டும் அண்டாவுக்குப் போகிறது. கீழே விழும் நொறுங்கலை வறுத்து, அரைத்து, நைஸ் சல்லடையில் சலித்துக் கரம் மசாலாவில் சேர்த்துவிடுகிறார்கள். சல்லடையில் தங்கும் நரம்புத் துணுக்கைக் கொட்டிவிடுகிறார்கள். ஒரு பொருளும் வீணாகவில்லை, வாசமும் போகவில்லை.

இலையைக் கொதிக்கவைத்து டீ மாதிரிக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அத்தைக்கே இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். வடிகட்டி ஒரு கப் குடிப்பதில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிப்பதுதான் ஆபத்து.

கடையில் மசாலா பாக்கெட் வாங்கும்போது எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் பார்க்கிறோம். நான் வாங்கிப் பார்த்த பிரிஞ்சி இலை பாக்கெட்டுகளில் "பரிமாறும் முன் எடுத்துவிடவும்" என்ற ஒரு வரி எதிலும் இல்லை. அச்சடிக்க ஒரு பைசா கூடுதலாகாது. தயாரிப்பவர்கள் அதைப் போட வேண்டும், விற்பவர்களும் வாங்குபவர்களும் கேட்க வேண்டும். பாதி நொறுங்கிய பாக்கெட்டாக இருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் நேராக மிக்ஸிக்கு அனுப்புங்கள்.